காலையில் கிளம்பிப் போனவர்... கோட்டா ராமசாமி எங்கே போனார்?

செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும்போது சுவரில் ஒட்டியிருக்கிற 'காணவில்லை' போஸ்டரை என்னைக்காவது நின்னு படிச்சிருக்கீங்களா? ஒரு தாத்தாவோட போட்டோ இருக்கும். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, வயது எழுபத்து சொச்சம். காலையில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை என்று எழுதியிருக்கும். ரயில் வந்ததும் ஏறிடுவோம். திருநின்றவூர் தாண்டறதுக்குள்ள அந்த முகம் மறந்துபோகும். கையில்தான் போன் இருக்கே, அதில் ஸ்கோர் பார்க்கணுமே!

அந்த ஸ்கோர் பார்க்கிற உங்களுக்குத்தான் இந்தக் கதை. இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆடின ஒருத்தர், டென்னிஸில் டேவிஸ் கோப்பையும் ஆடினவர், நம்ம சென்னைக்காரர், ஒருநாள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினார். அப்புறம் வரவே இல்லை. பேர் கோட்டா ராமசாமி. கிரிக்கெட் புள்ளிவிவரப் பைத்தியங்களுக்கு இவரை நல்லாவே தெரியும். மற்றவர்களுக்கு இவருடைய அப்பா பேர்தான் பரிச்சயம். ஒவ்வொரு வருஷமும் நியூஸில் வருமே, 'புச்சிபாபு டிராபி'. அந்த புச்சிபாபுவின் கடைசிப் பையன்தான் ராமசாமி.

அப்பாவைச் சொல்லாமல் பிள்ளையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னாடி போவோம்.

மயிலாப்பூர் லஸ் பகுதியில் பெரிய தோட்டத்தோடு ஒரு பங்களா. பாரி கம்பெனியின் துபாஷி வீடு. துபாஷி என்றால் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் ஊர் ஜனங்களுக்கும் நடுவில் நின்று பேசி, வியாபாரத்தை நடத்திக் கொடுப்பவர். தெலுங்கு பேசும் குடும்பம், பணத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த வீட்டில் தாய்வழித் தாத்தாவிடம் வளர்ந்தவர் புச்சிபாபு நாயுடு. ஆங்கிலேய ஆயாக்கள் பார்த்துக்கொண்ட பிள்ளை. அவர்கள் கூட்டிப்போய்க் காட்டிய ஆட்டம்தான் கிரிக்கெட். இது நடந்தது 1870-களில்.

அன்றைக்கு சேப்பாக்கம் மைதானம் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கையில் இருந்தது. 1846-ல் தொடங்கிய கிளப் அது, வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். இந்தியர்கள் எப்போதாவது அங்கே ஆட வந்தால், வெள்ளைக்காரர்களுக்குப் பெவிலியனில் மேஜை போட்டுச் சாப்பாடு. இந்தியர்களுக்கு மரத்தடி. ஒரே ஆட்டம், ஒரே வெயில், ஒரே பந்து. சாப்பாட்டு நேரம் வந்தால் மட்டும் இவன் அங்கே, அவன் இங்கே.

புச்சிபாபு சண்டைக்குப் போகவில்லை. 1888-ல் எஸ்பிளனேட் பகுதியில் 'மெட்ராஸ் யுனைடெட் கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார். பசங்களைச் சேர்த்து, பேட்டும் உடையும் வாங்கிக் கொடுத்து, தன் செலவில் பயிற்சி தந்தார். கெஞ்சி உள்ளே போவதற்குப் பதிலா, சரிசமமா எதிர்த்து நிற்கும் ஓர் அணியை உருவாக்கிவிட்டார். கடைசியில் 1908 டிசம்பரில் வெள்ளைக்கார கிளப்பும் அவருடைய கிளப்பும் மோதுவதாக ஏற்பாடு ஆனது. ஆனால், அந்த ஆட்டம் நடக்கும் முன்பே புச்சிபாபு இறந்துவிட்டார். நாற்பது வயதுதான். ஆட்டம் நின்றுபோகவில்லை, நடந்தது. அதுதான் பிற்பாடு பொங்கல் சமயத்தில் வருஷா வருஷம் சேப்பாக்கத்தில் நடந்த 'பிரசிடென்சி மேட்ச்' ஆக வளர்ந்தது. இந்தியர்கள் ஒருபக்கம், ஐரோப்பியர்கள் மறுபக்கம். அந்தக் கால மெட்ராஸில் பொங்கல் என்றால் கரும்போடு இதுவும் சேர்த்திதான்.

அப்பா இறந்தபோது ராமசாமிக்கு 12 வயது.

'அப்பா இனிஷியல் எம். ஆச்சே, பிள்ளைக்கு ஏன் கோட்டா?' என்று நீங்க கேட்கலாம். ராமசாமியைத் தாய்வழித் தாத்தாவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் பேர்தான் கோட்டா. அண்ணன்களும் கிரிக்கெட்காரர்கள்தான். ஆனால், ஸ்கோர் கார்டில் அவர்கள் 'எம்', தம்பி மட்டும் 'சி'. தெரியாதவர்கள் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றே சொல்ல மாட்டார்கள்.

1896 ஜூன் 16-ல் பிறந்தவர். மெரினா எதிரே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்தார். இடது கை பேட்ஸ்மேன், பந்தைத் தடவிக் கொடுக்கத் தெரியாத ஆள், விளாசுவதுதான் பழக்கம். நல்ல கட்டுமஸ்தான உடம்பு. முதல் உலகப்போர் முடிந்த கையோடு இங்கிலாந்துக்குப் போய்க் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கே அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கிரிக்கெட் இல்லை, டென்னிஸ்.

இந்தியா முதன்முதலில் டேவிஸ் கோப்பையில் இறங்கியது 1921-ல். அடுத்த வருஷமே, 1922-ல், ராமசாமி அணியில் இருந்தார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ருமேனியாவை இந்தியா தோற்கடித்தது. ராமசாமி இறங்கியது இரட்டையர் ஆட்டத்தில், டாக்டர் ஃபைஸியோடு ஜோடி சேர்ந்து. அடுத்த சுற்றில் ஸ்பெயினிடம் தோற்றார்கள். கணக்கு இவ்வளவுதான். ஆனால், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சாப்பாட்டுக்கு மரத்தடியைக் காட்டிய ஆட்களோட சொந்த ஊரிலேயே, அந்த மரத்தடி மனுஷரோட பையன் இந்தியா என்ற பெயரில் டென்னிஸ் ஆடுகிறார். நாட்டுக்குச் சுதந்திரம் வர இன்னும் 25 வருஷம் இருக்கு.

படிப்பை முடித்து மெட்ராஸ் திரும்பியதும் விவசாயத் துறையில் அதிகாரி வேலை. நம்ம செவ்வாப்பேட்டை பக்கத்துல திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தை பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி நிலையங்களைக் கட்டி வளர்த்த துறைதான். பகலில் சர்க்கார் உத்தியோகம், மிச்ச நேரத்தில் ஒரு கையில் ராக்கெட், மறு கையில் பேட். பொங்கல் வந்தால் பிரசிடென்சி மேட்ச். விளையாட்டில் சம்பளம் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

வயசு மட்டும் ஏறிக்கொண்டே போனது. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். அப்போது ராமசாமிக்கு 36. அணியில் அவர் இல்லை. 1934 நவம்பரில் ரஞ்சி டிராபி தொடங்கியது. அதன் முதல் ஆட்டம் எங்கே தெரியுமா? சேப்பாக்கத்தில்தான், மெட்ராஸுக்கும் மைசூருக்கும். ஒரே நாளில் முடிந்துபோன ஆட்டம் அது. மெட்ராஸ் ஜெயித்தது. ராமசாமிக்கு அப்போது 38. இன்றைய ஐபிஎல் ஏலத்தில் 38 வயசு ஆள் பேரை வாசித்தால் எத்தனை பேர் அட்டையைத் தூக்குவாங்க? தல தோனியை விடுங்க, அவர் கணக்கே வேற.

நாற்பதில் ஒரு அழைப்பு

1936-ல் இந்திய அணி இங்கிலாந்து போனது. அணியில் கோட்டா ராமசாமி பேர் இருந்தது. சச்சின் ஓய்வுபெற்றது 40 வயதில். ராமசாமி டெஸ்ட் கிரிக்கெட்டை ஆரம்பித்ததே 40 வயதில்தான்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லணும். நாற்பது வயது வரைக்கும் ஓர் ஆள் ஆட்டத்தை விடாமல் வைத்திருக்க, ஆசை மட்டும் போதாது. பங்களா வீடு, வெளிநாட்டுப் படிப்பு, லீவு கிடைக்கும் நல்ல உத்தியோகம், பெரிய இடத்துப் பழக்கம், இதெல்லாம் அவருக்கு இருந்தது. அம்பத்தூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிரவுண்டுக்குப் போகும் நண்பரிடம், 'பாரு, நாற்பதிலும் சாதிக்கலாம்' என்று இந்தக் கதையை ஃபார்வர்ட் செய்தால், அவர் திருப்பி அனுப்பும் பதில் நியாயமாகவே இருக்கும். அதிர்ஷ்டம் அவருக்கு நிறைய. ஆனால், கிடைத்த வாய்ப்பில் ஆடியது அவர்தான்.

அந்தப் பயணம் ஒரு குழப்பக் களஞ்சியம். கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், சுருக்கமா 'விஸ்ஸி'. ஆட்டத்தைவிட அந்தஸ்தால் கேப்டன் ஆனவர். அணிக்குள் கோஷ்டிகள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி, முதல் டெஸ்ட்டுக்கு முன்பே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து போன இன்னொருவர் எம்.ஜே.கோபாலன். ஹாக்கியிலும் கில்லாடி. அதே வருஷம் பெர்லின் ஒலிம்பிக்குக்கான ஹாக்கித் தேர்வை விட்டுவிட்டு கிரிக்கெட் பயணத்துக்கு வந்தார். அங்கே ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. இங்கே கோபாலனுக்கு ஒரு டெஸ்ட்டில்கூட இடம் தரவில்லை. (இவர் கதையைத் தனியா ஒருநாள் உட்கார்ந்து பேசணும்.)

லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்ட்டில் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அதில் ராமசாமி இல்லை. ஜூலை 25-ம் தேதி மான்செஸ்டரில் இரண்டாவது டெஸ்ட். அன்றுதான் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை தொடங்கியது. நாற்பது முடிந்து ஒரு மாதம் சொச்சம். இந்தியர்களில் இவரைவிட அதிக வயதில் முதல் டெஸ்ட் ஆடியவர் ஒரே ஒருத்தர்தான், 1933-ல் பம்பாயில் ஆடிய ருஸ்தம்ஜி ஜாம்ஷெட்ஜி.

முதல் இன்னிங்ஸில் இந்தியா மொத்தமே 203. அதில் ராமசாமியின் பங்கு 40. பதிலுக்கு இங்கிலாந்து 571 ரன் குவித்து டிக்ளேர் செய்தது. வாலி ஹேமண்ட் மட்டும் 167. இந்தியா 368 ரன் பின்தங்கி நிற்கிறது. இன்னொரு தோல்வி உறுதி என்று எல்லாரும் நினைத்த நேரம். விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் தொடக்க ஜோடியாக இறங்கி 203 ரன் சேர்த்தார்கள். இரண்டு பேருமே சதம். வெளிநாட்டு மண்ணில் இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் சதம் முஷ்டாக் அலியுடையது. அந்த ஒரே நாளில் இரண்டு அணிகளும் சேர்ந்து அடித்தது 588 ரன். டெஸ்ட் வரலாற்றில் ஒரு நாளில் அதற்கு மேல் இன்றுவரை யாரும் அடிக்கவில்லை. டி20-யில் ஊறிப்போன இந்தக் காலத்திலும் அந்தச் சாதனை அப்படியே நிற்கிறது.

எல்லாரும் அந்த இரண்டு சதங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டும், தகுதியான ஆட்டம். ஆனால், 203-க்குப் பிறகும் ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையில் நின்றவர்களில் ஒருவர் நம்ம நாற்பது வயசுக்காரர். 60 ரன். இந்தியா 5 விக்கெட்டுக்கு 390 எடுத்து, டெஸ்ட்டை டிரா செய்தது.

அடுத்து ஓவல். இங்கிலாந்து மறுபடி 471. ஹேமண்ட் இந்த முறை இரட்டைச் சதம். இந்தியா ஃபாலோ ஆன். இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து கேப்டன் கப்பி ஆலன் 7 விக்கெட்டைச் சாய்த்தார். ராமசாமி முதல் இன்னிங்ஸில் 29, இரண்டாவதில் 41. அந்த 41-ல் அவர் அவுட்டே ஆகவில்லை. மறுமுனையில் ஆள் தீர்ந்துபோனது. இந்தியா தோற்றது.

அத்தோடு சரி. இரண்டே டெஸ்ட். நான்கு இன்னிங்ஸ்: 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் 170 ரன், சராசரி 56-க்கு மேல். இரண்டு டெஸ்ட்டை வைத்துக்கொண்டு சராசரியைப் பேசக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நான்கு முறை இறங்கி நான்கு முறையும் 29-க்குக் கீழே போகாத ஒருவரைப் பார்க்கும்போது, பத்து வருஷம் முன்னாடி இந்தியாவுக்கு டெஸ்ட் அந்தஸ்து இருந்திருந்தால் என்று மனசு கணக்குப் போடத்தான் செய்யுது. அந்தப் பத்து வருஷத்தை யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. அப்புறம் இரண்டாம் உலகப்போர் வந்தது. இந்தியா அடுத்த டெஸ்ட் ஆட 1946 ஆகிவிட்டது. ராமசாமிக்கு அப்போது 50.

ஆட்டம் விடவில்லை

ஆடுவது நின்றாலும் கிரிக்கெட் அவரை விடவில்லை. இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தார். 1952-53-ல் இந்தியா முதன்முறையாக வெஸ்ட் இண்டீஸ் போனபோது மேனேஜராகக் கூடப் போனவர் இவர்தான். விஜய் ஹசாரே கேப்டன். ஐந்து டெஸ்ட்டில் ஒன்றில் மட்டும் தோல்வி, மற்றது எல்லாம் டிரா. சுபாஷ் குப்தேயின் லெக் ஸ்பின்னையும் பாலி உம்ரிகரின் பேட்டிங்கையும் கரீபியன் தீவுகள் கண்ட பயணம் அது. அப்பா எஸ்பிளனேடில் பசங்களுக்கு பேட் வாங்கிக் கொடுத்து அணி சேர்த்தார். பிள்ளை ஓர் அணியையே கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனார்.

1966-ல், 70 வயதில், தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 'ராம்ப்ளிங்ஸ் ஆஃப் எ கேம்ஸ் அடிக்ட்' என்று பேர். விளையாட்டுப் பித்தன் ஒருத்தனின் அலைச்சல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தன்னை சாம்பியன் என்றோ, டெஸ்ட் வீரர் என்றோ அட்டையில் போட்டுக்கொள்ளாமல் அடிமை என்று போட்டுக்கொண்டார் பாருங்க, அங்கேதான் எனக்கு இந்த மனுஷரைப் பிடித்துப்போனது. அந்தத் தலைப்பில் வருகிற 'அலைச்சல்' வார்த்தை, பின்னாடி நடந்ததை நினைத்தால் என்னமோ செய்யுது.

1985 அக்டோபர் 15. ராமசாமிக்கு 89 வயது. அன்றைக்கு மெட்ராஸில் தன் வீட்டிலிருந்து கிளம்பினார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். இதற்கு மேல் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

இன்றைக்கு நீங்க பத்து நிமிஷம் லேட்டானா வீட்டிலிருந்து நாலு மிஸ்டு கால் வந்துடும். லைவ் லொகேஷன் அனுப்பு என்று அம்மா கேட்பாங்க. தெருவுக்குத் தெரு கேமரா. 1985-ல் இதெல்லாம் ஏது? வீட்டில் போன் இருந்தாலே அது பெரிய வீடு. ஒருத்தர் தெருமுனை திரும்பிவிட்டால், அவர் திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வழி. அந்த வீட்டில் எத்தனை நாள் அப்படிப் பார்த்திருப்பாங்க? மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவார், சரி, ராத்திரிக்குள்ள வந்துடுவார், எங்காவது சொந்தக்காரங்க வீட்டில் இருப்பார், நாளைக்குத் தகவல் வரும்... இறந்தவருக்குத் திதி கொடுக்கலாம், படத்துக்கு மாலை போடலாம். வராதவருக்கு என்ன செய்வது? மாலை போட்டால் நம்பிக்கையை விட்ட மாதிரி. போடாமலே எத்தனை வருஷம் இருப்பது?

இதே சிக்கல் கிரிக்கெட் புத்தகங்களுக்கும் வந்தது. புள்ளிவிவரக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் தேதி வேண்டும். பிறந்த தேதி, முதல் டெஸ்ட், கடைசி டெஸ்ட், இறந்த தேதி. ராமசாமி விஷயத்தில் கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை. வருஷங்கள் போனபிறகு, இறந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறார் என்று குறித்துவைத்தார்கள். ஒவ்வொரு விக்கெட்டுக்கும் யார் பிடித்தார், யார் வீசினார் என்று எழுதி வைக்கிற விளையாட்டு, இவர் கதையில் மட்டும் அந்தக் காலத்தை காலியாக விட்டிருக்கிறது.

புச்சிபாபு டிராபி 1909-ல் தொடங்கியது. நடுவில் சில வருஷம் நின்றுபோய், மறுபடி 2023-லிருந்து நடக்கிறது. வெளிமாநில அணிகள் வருகின்றன, ரஞ்சிக்குத் தயாராகும் பசங்க ஆடுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னாடி, ஆகஸ்ட் மாதம் பெரும்பாலும். பல ஆட்டங்களை மைதானத்துக்குப் போய் சும்மாவே உட்கார்ந்து பார்க்கலாம். செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலேறிப் போய்ப் பாருங்க.

ஸ்டேஷனில் அந்த போஸ்டர் இன்னும் இருந்தால், ரயில் வர்ற வரைக்கும் ஒருதரம் அந்த முகத்தையும் பாருங்க.